மானியத்தில் 10 சதவீதம் கேட்கும் ‘பிசினஸ் கோச்’: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் புளி பேக்கிங், ராகி மாவு, மாங்கூழ் என்று ஏதாவது தொழில் தொடங்க நினைக்கிறவர்களைத் தேடி வருகிறார்கள். விசிட்டிங் கார்டில் ‘பிசினஸ் கோச்’. ஓட்டல் ஹாலில் ஒருநாள் இலவசப் பயிற்சி, மதியம் பிரியாணி, சாயங்காலம், அரசு மானியத்தோடு வங்கிக் கடன் வாங்கித்தர ‘பேக்கேஜ்’: முன்பணம் 25,000 ரூபாய், மானியம் வந்ததும் அதில் 10 சதவீதம். “அக்கா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, பேங்க்ல நாங்க பேசிக்கறோம்.”

அப்படிக் கையெழுத்துப் போட்டு ஏமாந்த ஒரு புளி யூனிட்டின் காகிதங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். பெயர் போடவில்லை. இவர்கள் பெயரும் போர்டும் மாறிக்கொண்டே இருக்கும், வேலை செய்கிற விதம் மாறாது.

முதலில் திட்ட அறிக்கை. அட்டையில் ‘புளி பதப்படுத்துதல்’. உள்ளே மூலப்பொருள் பக்கத்தில் ‘தென்னை நார்’ அப்படியே கிடக்கிறது. எங்கேயோ போட்ட ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைவிட மோசம் கொள்முதல் அட்டவணை. பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு புளி வாங்குவதாகக் கணக்கு. நம் பக்கம் புளி உலுக்குவது மாசி, பங்குனி, சித்திரையில். அந்த நேரத்தில் வருஷத்துக்கான சரக்கை மொத்தமாக வாங்கி கோல்டு ஸ்டோரேஜில் வைக்க வேண்டும், இல்லையென்றால் புளி கறுத்துவிடும். அந்த வாடகைக்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. வங்கி மேனேஜர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். விண்ணப்பித்தவரிடம் பதில் இல்லை, கடன் நிராகரிப்பு. கோச் சொன்ன விளக்கம், “அந்த மேனேஜர் சரியில்லை.” கூடவே ‘ரிவைஸ்டு ரிப்போர்ட்டுக்கு’ இன்னொரு 15,000.

நிராகரிப்பாவது பரவாயில்லை. கடன் கிடைத்தவர்களுக்குத்தான் பெரிய அடி. அதற்கு மானியம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி.யை எடுத்துக்கொள்வோம். 2022இல் திருத்திய விதிப்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப்பிரிவு ஆணுக்கு நகர்ப்புறத்தில் 15, கிராமப்புறத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 25, 35. ஓசூர் மாநகராட்சிக்குள் ஷெட் வைத்துக்கொண்டு 35 சதவீதம் கிடைக்கும் என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஒரு கணக்கு. கிராமப் பஞ்சாயத்தில் ஒரு பெண் 20 லட்சத்துக்குத் திட்டம் போடுகிறார். சொந்தப் பங்கு 5 சதவீதம், 1 லட்சம். வங்கி தருவது 19 லட்சம். மானியம் 7 லட்சம். இந்த 7 லட்சம் அவர் கைக்கு வராது. வங்கியிலேயே அவர் பெயரில் மூன்று வருஷம் டெபாசிட்டாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவு கடனுக்கும் வட்டி போட மாட்டார்கள். யூனிட் ஓடுகிறது என்று நேரில் வந்து சரிபார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அப்படியென்றால் ‘மானியம் வந்ததும்’ என்று கோச் கேட்கும் 70,000 எங்கிருந்து போகிறது? சரக்கு வாங்க வைத்திருந்த நடைமுறை மூலதனத்திலிருந்து. சீசன் வந்து புளி வாங்கும்போது பணம் இடிப்பது அதனால்தான்.

நடைமுறை மூலதனத்தில் இன்னொரு கண்ணி உண்டு, இதை எந்த கோச்சும் சொல்வதில்லை. மூன்று வருஷத்துக்குள் சி.சி. லிமிட்டை, அதாவது நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட் வரம்பை, ஒருமுறையாவது முழுசாகத் தொட்டிருக்க வேண்டும், 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்ப எடுப்பார்கள். மதிப்பைத் தூக்கிக் காட்ட லிமிட்டை ஊதிவைத்தால் பின்னால் மாட்டுவது நீங்கள்தான்.

அடுத்தது கொட்டேஷன், அதாவது மெஷினுக்கான விலைப்புள்ளி. மெஷின் கடையும் கோச்சும் ஒரே ஆள், அல்லது மச்சான் உறவு. 8 லட்சம் மெஷினுக்கு 12 லட்சம் பில். “மீதியைக் கையில தந்துடறோம், அண்ணா” என்பார்கள், தருவதில்லை. அந்தக் கூடுதல் 4 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள்: சொந்தப் பங்கு 20,000, மானியம் 1,40,000, மிச்சம் 2,40,000 உங்கள் கடன். இல்லாத மெஷினுக்கு வட்டியோடு தவணை. நேரடி ஆய்வில் பில்லில் உள்ள மாடலும் ஷெட்டில் நிற்கிற மாடலும் பொருந்தவில்லை என்றால் மொத்த மானியமும் போகும். கோச்சின் கூலி மானியத்தில் சதவீதமாக இருக்கிறவரை திட்ட மதிப்பை ஏற்றுவதுதான் அவருக்கு லாபம். ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

ஏற்கெனவே ஓடுகிற மாவு மில்லைப் புதுசு என்று காட்டி பி.எம்.இ.ஜி.பி.யில் போடுவதும் நடக்கிறது. அதில் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். ஓடுகிற உணவு யூனிட்டை மேம்படுத்த, குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் பி.எம்.எஃப்.எம்.இ. இருக்கிறது: 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். அதில் அறிக்கை தயாரித்து, வங்கிக்குக் கூட வந்து, உரிமங்கள் எடுத்துத்தர மாவட்ட வள நபர் என்று ஒருவரை நியமித்திருப்பார்கள். கடன் அனுமதியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவருக்குத் திட்டமே 20,000 ரூபாய் தருகிறது. உங்களிடம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை மானியம், 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மீதி 65 சதவீதம் வங்கிக் கடன், சொந்தப் பங்கு கிடையாது. இதற்கு ‘மார்ஜின் பணம்’ (சொந்தப் பங்கு) கட்டுங்கள் என்று யாராவது கணக்கு எண் அனுப்பினால் மோசடிதான், யோசிக்கவே வேண்டாம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் இல்லை, அதற்கு 2,500 வாங்கியிருக்கிறார்கள். பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை. விண்ணப்பிக்கும்போது மொபைல் எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதா என்று கண்ணால் பாருங்கள். அந்தப் புளி யூனிட்டில் இரண்டுமே கோச்சுடையவை. வங்கி என்ன குறை எழுதியது என்பதே விண்ணப்பித்தவருக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய் உட்கார்ந்தால் எந்தத் திட்டம் பொருந்தும் என்று சொல்வார்கள். இரண்டு மாவட்டத்துக்கும் முன்னோடி வங்கி, அதாவது மாவட்டத்தில் கடன் வேலைகளை ஒருங்கிணைக்கும் வங்கி, இந்தியன் வங்கி. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் சாப்பாடு, தங்குமிடத்தோடு பயிற்சி இலவசம். சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, ‘அடமானம் இல்லாம முடிச்சுத்தர’ தனிக் காசு எதற்கு?

அப்படியானால் கோச்சே வேண்டாமா? நல்லவர்கள் இருக்கிறார்கள், உபயோகமும் உண்டு. ஒரு கிலோ பாக்கெட்டின் அடக்கவிலை போடுவது, கழிவு எத்தனை சதவீதம் என்று எடைபோட்டுப் பார்ப்பது, கடைக்காரரிடம் நிற்கும் பாக்கியை வசூலிப்பது, இவையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவைதான். ஆனால் யூனிட் ஓடத் தொடங்கிய பிறகு, மாதக் கட்டணமாக, ரசீதோடு கொடுங்கள். கடன் பேச்சிலும் கொட்டேஷனிலும் அவரை நுழைய விடாதீர்கள். கொட்டேஷன் மூன்று இடத்தில் நீங்களே வாங்குங்கள், கோயம்புத்தூர் வரை ஒருநடை போனாலும் நஷ்டமில்லை. அறிக்கையை அவர் எழுதினாலும், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று மேனேஜரிடம் நீங்கள் சொல்லத் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள்: வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், ஜி-பே ரசீதுகளை எடுத்துவையுங்கள். பணம் ஆன்லைனில் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டு, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி, ஸ்பீட் போஸ்டில் திரும்பக் கேளுங்கள். காசோலைக்குப் பணம் தராதே என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் மட்டும் போட்டுவிட்டு இருந்தால் செக் மோசடி வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ‘இது வியாபாரம், நுகர்வோர் வழக்கு வராது’ என்று மிரட்டுவார்கள். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால் வரும், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மனுவின் ஒரு நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், இன்னொன்று தொழில் மையப் பொது மேலாளருக்கு. மனுவில் கோச்சின் பெயரோடு, கொட்டேஷன் கொடுத்த மெஷின் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணையும் எழுதுங்கள்.