சுமோவோ கன்வென்ஷனலோ: ஒரு சிறுபோகம் முழுக்க இழுத்துப் பாத்தது

மாசி மாசம் காலபோக வெட்டு முடியிற நேரம் எனக்கு நாரி பிடிச்சிட்டுது. ஜிம்மில இல்லை, வயலில. வெட்டு மெசின் கொட்டின நெல்லைச் சாக்கில போட்டுக் கட்டி லாண்ட்மாஸ்டர் பெட்டியில ஏத்திற வேலை, மூட்டை ஒண்டு அறுபது எழுபது கிலோ வரும், அண்டைக்கு எத்தினை ஏத்தினம் எண்டு ஆர் எண்ணினது. அதுக்கு முதல்நாள் பின்னேரம் தான் கிளிநொச்சிக்குப் போய் 140 கிலோவில அஞ்சு ரெப் டெட்லிஃப்ட், அதாவது பிளேட் பூட்டின இரும்புப் பாரை நிலத்தில இருந்து நிமிர்ந்து நிக்கிறவரை அஞ்சு தரம், இழுத்திட்டு வந்தனான், அந்தக் கொழுப்பும் சேர்ந்து தான் குனிஞ்ச இடத்திலயே நிண்டிட்டன்.

நாரி கொஞ்சம் இளகின பிறகு மச்சான் சொன்னான், "சுமோ இழுத்துப் பாரடா, நாரிக்கு லேசு" எண்டு. காலை அகட்டி நிண்டு டெட்லிஃப்ட் இழுக்கிற முறை அது. அவன் அதுக்கு முதலே வீடியோ பாத்து இழுக்கத் துவங்கிட்டான். நான் அதுவரைக்கும் சுமோவைப் பகிடி பண்ணின ஆள். முந்தி நான் போன ஒரு ஜிம்மில பழக்கினவர் "அது பொம்பிளையள் இழுக்கிறது, ஆம்பிளை எண்டா நேரா நிண்டு இழுக்கவேணும்" எண்டு சொல்லி வச்சிருந்தார், நானும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு இருந்திட்டன். பங்குனியில துவங்கி ஆவணி வரை ரெண்டையும் மாறி மாறி இழுத்தது தான் இந்தக் கதை.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: கன்வென்ஷனல் எண்டா கால் ரெண்டும் இடுப்பகலத்துக்கு, கை முழங்காலுக்கு வெளியால, உடம்பு நல்லாக் குனியும். சுமோ எண்டா காலை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, கை ரெண்டும் காலுக்கு உள்ளுக்க, நெஞ்சு நிமிர்ந்து நிக்கும். பவர்லிஃப்டிங் எண்ட பாரம் தூக்கிற போட்டியில ரெண்டுக்கும் அனுமதி இருக்கு. ஸ்ட்ரோங்மேன் எண்ட பலசாலிப் போட்டியில தான் பொதுவா சுமோ இழுக்க விடமாட்டாங்கள், 2016இல இங்கிலாந்து ஸ்ட்ரோங்மேன் எடி ஹோல் 500 கிலோ தூக்கினது கன்வென்ஷனல் தான்.

சுமோ கள்ள வேலை எண்டு சொல்லுறவை காட்டிற காரணம் பார் போற தூரம் குறைவு எண்டது. அது உண்மை. 2000ஆம் ஆண்டில வந்த ஆராய்ச்சி ஒண்டில எஸ்கமில்லாவும் கூட்டாளிகளும் போட்டியில இழுத்த ஆக்களை வீடியோ எடுத்து அளந்தவை, பார் ஏறுற உயரமும் செய்யிற வேலையும் கன்வென்ஷனலில 25 முதல் 40 சதவீதம் கூட எண்டு வந்தது, சுமோக்காரற்ற முதுகு அஞ்சு பத்துப் பாகை கூட நிமிர்ந்து நிண்டது. ஆனா தூரம் குறைஞ்சா பாரமும் குறையும் எண்டு நினைச்சுக்கொண்டு போய் நிண்டீங்கள் எண்டா முதல் நாளே விளங்கும்.

எனக்கு விளங்கினது 100 கிலோவில. கன்வென்ஷனலில 100 எனக்கு வோர்ம்அப். சுமோவில குந்தி, பிடிச்சு, இழுக்கிறன், பார் அசையேல்லை. ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணலாம், பார் நிலத்தில வேர் விட்ட மாதிரிக் கிடக்குது, பேந்து ஒரு நூல் அளவு எழும்பினா பிறகு முழங்கால் தாண்டி லாக்அவுட் வரைக்கும், அதாவது முழுசா நிமிர்ந்து நிக்கிறவரைக்கும், தானாப் போகுது. கன்வென்ஷனல் இதுக்கு எதிர்மாறு, நிலத்தை விட்டுக் கெதியாக் கிளம்பும், முழங்காலுக்கு மேல தான் உயிர் போகும். நான் பழைய பழக்கத்தில வெடுக்கெண்டு இழுத்தன், உடன இடுப்பு மேல கிளம்பி முழங்கால் உள்ளுக்க விழுந்து கடைசியில அது சுமோவும் இல்லை கன்வென்ஷனலும் இல்லை, பள்ளத்துக்க விழுந்த மாட்டைத் தூக்கிற மாதிரி ஒண்டு. சுமோவுக்குப் பொறுமை வேணும், முழங்காலை விரல் பாக்கிற பக்கம் தள்ளிக்கொண்டு பாரில இருக்கிற தொய்வை, அதாவது பாருக்கும் பிளேட்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளியை, முதல் எடுத்து, அதுக்குப் பிறகு நிலத்தைக் காலால அமத்தவேணும். எனக்கு அந்தப் பொறுமை வர ஒண்டரை மாசம் எடுத்தது.

நோ எங்க வந்தது எண்டதும் வித்தியாசம். நாரி உண்மையாவே அமைதியா இருந்தது, அதில மச்சானுக்கு மார்க் குடுக்கிறன். ஆனா முதல் மூண்டு கிழமையும் கவட்டுக்க, உள்தொடையில பிடிச்ச பிடி இருக்கே, மோட்டச்சைக்கிளில காலைத் தூக்கிப் போடேலாமல் ஸ்டாண்டில நிக்கேக்கயே பக்கவாட்டில ஏறி இருந்தனான், பரந்தன் சந்தியில ஒரு ஐயா பாத்திட்டு "தம்பி, விழுந்தனீரோ?" எண்டு கேட்டவர். முன்தொடையும் சுமோவில கூட வேலை செய்யுது.

இனி எங்கட பக்கத்து ஜிம்முகளில இருக்கிற பிரச்சினை, இதை ஒரு வீடியோவிலயும் சொல்லமாட்டாங்கள். போட்டிப் பிளேட் 45 சென்ரிமீற்றர் விட்டம், பார் நிலத்தில இருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில நிக்கும். எங்களிட்டக் கிடக்கிற இரும்புப் பிளேட் அதை விடச் சின்னன், பார் நாலு விரல் கீழ போயிடும், கன்வென்ஷனலில அந்த நாலு விரலுக்கும் நாரி தான் வளையவேணும். நாங்கள் பிளேட்டுக்குக் கீழ ரெண்டு பாலைப் பலகைத் துண்டு வச்சு உயர்த்தினாங்கள், பாலை எண்டபடியா எவ்வளவு போட்டாலும் அது அசையாது. உங்கட ஜிம்மிலயும் இப்பிடி எண்டா முதல்ல பலகையை வையுங்கோ, சுமோவா கன்வென்ஷனலா எண்டது அதுக்குப் பிறகு.

சுமோவுக்கு இன்னொரு கரைச்சல் நிலம். சீமெந்துத் தரை, எல்லாற்ற காலோடயும் வந்த செம்மண் தூசு, காலை அகட்டி அமத்தினா பாதம் ரெண்டும் வெளியால வழுக்கிக்கொண்டு போகும். 130இல எனக்கு ஒருக்கா இடக்கால் வழுக்கினது, தப்பினது அருந்தப்பு. உழவு மெசின் பழைய ட்யூப்பை வெட்டி விரிச்சு, அதில வெறுங்காலோட நிண்ட பிறகு தான் நம்பி இழுத்தன். அதோட கால் விரல் பிளேட்டுக்குக் கிட்ட நிக்கும், இறக்கேக்க கவனமில்லாட்டி நசியும். மச்சானுக்கு நசிஞ்சது, பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு. கன்வென்ஷனலில இந்த ரெண்டு பயமும் இல்லை, எந்தத் தரையிலயும் நிண்டு இழுக்கலாம்.

சரி, கணக்குக்கு வருவம். ஆவணியில என்ர கன்வென்ஷனல் 165, சுமோ 155. மச்சான்ர கன்வென்ஷனல் 130, சுமோ 150. ஒரே ஜிம், ஒரே பலகை, ரெண்டு பேரும் புட்டும் சோறும் தான். வித்தியாசம் உடம்பில. நான் நெட்டை, கை நீளம், நிமிர்ந்து நிண்டா விரல் முழங்காலுக்குக் கிட்ட வரும், அதால எனக்கு குனியவேண்டிய தூரமே குறைவு. அவனுக்கு உடல் நீளம், கை கட்டை, கன்வென்ஷனலில குனிஞ்சா றோட்டில விழுந்த காசு பொறுக்கிற மாதிரி இருக்கும், சுமோவில அகட்டினதும் அவன்ர நெஞ்சு தானா நிமிருது. இடுப்பெலும்புக் குழி அமைஞ்ச விதமும் ஆளுக்காள் வேற, சிலருக்கு எவ்வளவு இழுத்துப் பழகினாலும் கால் அந்தளவு விரியாது. எங்களோட வாற அண்ணை ஒராளுக்கு இடுப்பில இன்னும் ஷெல் பீஸ் கிடக்குது, அவர் ஒருக்கா அகட்டிப் பாத்திட்டு "இது எனக்குச் சரிவராதடா தம்பி" எண்டு சிரிச்சுக்கொண்டு கன்வென்ஷனலுக்கே போட்டார். அவருக்கு ஆரும் சுமோ நல்லது எண்டு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

பெரிய ஆக்களைப் பாத்தாலும் இதே தான். அமெரிக்க பவர்லிஃப்டர் லமார் காண்ட் 1985இல 60 கிலோ உடம்போட 300 கிலோ, தன்ர எடையில அஞ்சு மடங்கு, கன்வென்ஷனலில இழுத்தவர், கை முழங்காலைத் தொடுற அளவு நீளம். இன்னொரு அமெரிக்க பவர்லிஃப்டர் எட் கோன் 1991இல 901 இறாத்தல் இழுத்தது காலை அகட்டி, சுமோவில. கள்ள வேலை எண்டா காண்டும் அதையே செய்திருப்பார் தானே.

சிறுபோக வெட்டில இன்னொண்டு கண்டன். எங்கட வயலுக்கு மூட்டை தூக்க வாற பெரியவர் ஒராள், அறுபது வயசு தாண்டிட்டுது, நாங்கள் பெடியள் எல்லாம் மூட்டைக்கு முன்னால நிண்டு குனிஞ்சு கட்டிப் பிடிக்கிறம், அவர் என்ன செய்யிறார் எண்டா கிடக்கிற சாக்குக்கு ரெண்டு பக்கமும் காலை வச்சு, சாக்கு கவட்டுக்க வர, குந்தி, கையைத் தொடைக்கு உள்ளால விட்டு எழும்பிறார். அச்சொட்டா சுமோ. "ஐயா, இது ஆர் பழக்கினது?" எண்டு கேக்க, "ஆர் பழக்கிறது, அப்பிடித் தூக்காட்டி அடுத்த நாள் கூலிக்கு வரேலாது" எண்டார். பொம்பிளையள் இழுக்கிறது எண்டு சொன்னவரைக் கூட்டிவந்து காட்டவேணும் போல கிடந்தது.

எனக்கு இப்ப முடிவு இப்பிடி: வெட்டு இல்லாத மாசங்களில கன்வென்ஷனல் தான், என்ர உடம்புக்கு அது தான் ஓடுது. தை, மாசியில மூட்டை ஏத்திற நாளுகளில 110, 120க்கு மேல போகாமல் சுமோ மட்டும், நாரிக்கு வயலே காணும். உங்களுக்கு எது எண்டு பாக்கிறதெண்டா ரெண்டையும் குறைஞ்சது ரெண்டு மாசம் இழுங்கோ, முதல் கிழமை வாற நம்பரைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, சுமோ முதல் கிழமை எல்லாரையும் அவமானப்படுத்தும். மச்சான் இனிக் கன்வென்ஷனல் பக்கம் வரமாட்டானாம், போன கிழமை 155 இழுத்திட்டான், நகம் இன்னும் முளைக்கேல்லை.