மட் மெயிலில் கையொப்பம் மக்கர் செய்தால்

மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் உருவாக்கிய மட் என்ற மெயில் மென்பொருளில் பட்டனும் கிடையாது, படமும் கிடையாது, எல்லாமே விசைப்பலகைதான். வருடக்கணக்காக அதில்தான் என் மெயில் ஓடுகிறது. வேகத்திலும் தேடலிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. தகராறெல்லாம் ஜிபிஜி கையொப்பத்தில்தான் வரும் (மெயிலை அனுப்பியது நாம்தான், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஜிபிஜி என்ற மென்பொருள் போடும் டிஜிட்டல் ஒப்பம் அது), அதற்கும் பெரும்பாலும் மட் காரணமில்லை.

திருநகர் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக ஒரு சர்வருக்குள் போய், இணைப்பு போனாலும் நிரல்களை ஓடவைத்திருக்கும் டிமக்ஸுக்குள் மட்டை ஓடவிடுவது என் வழக்கம். பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாளில் இணைப்பு அறுந்துவிடும். கரண்ட் வந்து மறுபடி உள்ளே போனால், பாதியில் விட்ட மெயில் அப்படியே காத்திருக்கும். ஆனால் அனுப்பும்போது சில நேரம் ஒப்பம் விழும், சில நேரம் விழாது. இந்த ‘சில நேரம்’தான் ஆளைச் சுற்றலில் விடுவது.

காரணம் இதுதான். ஒப்பமிட, நம்மிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியின் கடவுச்சொல் வேண்டும். அதை நம்மிடம் கேட்டு வாங்குவது பின்என்ட்ரி என்ற சின்ன நிரல். எந்தத் திரையில் கேட்பது என்பதை ஜிபிஜி_டிடிஒய் என்ற மாறியை, அதாவது திரையின் பெயரைக் குறித்துவைக்கும் இடத்தை, பார்த்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. டிமக்ஸ் கட்டளையோடே சேர்த்து மட்டைக் கிளப்பினால், அந்த மாறியில் பழைய எஸ்எஸ்எச் திரையின் பெயரே தங்கிவிடும். இணைப்பு அறுந்தபின் அந்தத் திரையே இல்லை, அப்புறம் யாரிடம் கேட்கும்? மாறியே இல்லாவிட்டால் ‘இன்அப்ரோப்ரியேட் ஐயோக்டில்’ என்று ஒரு பிழை வரும். அதைப் படித்து யாருக்கும் எதுவும் விளங்காது. நடுவில் ஒப்பம் விழுவதற்குக் காரணம், பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜென்ட் என்ற நிரல் கடவுச்சொல்லைக் கடைசிப் பயன்பாட்டிலிருந்து 10 நிமிடம் நினைவில் வைத்திருப்பது. ஷெல் (கட்டளைகளைத் தட்டும் இடம்) திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் அந்த மாறிக்கு ஒரு வரி எழுதிவிட்டு, டிமக்ஸுக்குள் ஷெல்லைத் திறந்து அங்கிருந்து மட்டைக் கிளப்பினால் தீர்ந்தது.

போகிற மெயில் சரி. போய்ச் சேர்ந்த இடத்தில் வருவது வேறு வகை. கோரிப்பாளையத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி போனில், “அண்ணே, உங்க கையெழுத்து தப்புன்னு காட்டுதுண்ணே” என்றார். வந்த மெயிலில் மட்டில் வி விசையை அழுத்தி உறுப்புகளை, அதாவது மெயிலின் தனித்தனிப் பகுதிகளை, பார்க்கச் சொன்னேன். ஒப்பமிட்ட பகுதிக்குள்ளேயே, ‘வெளியிலிருந்து வந்த மடல், கவனம்’ என்ற எச்சரிக்கையை அவர்கள் மெயில் சர்வர் திணித்திருந்தது. ஒரு எழுத்து மாறினாலும் ஒப்பம் உடையத்தான் வேண்டும்; அதற்குத்தானே ஒப்பம்? அதே வரியை ஒப்பமிட்ட பகுதிக்கு வெளியே தனி உறுப்பாக ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

‘பேட் சிக்னேச்சர்’ என்றால்தான் உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். ‘நோ பப்ளிக் கீ’ என்றால் ஒப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான, அனுப்பியவரின் பொதுச் சாவி நம்மிடம் இல்லை, அவ்வளவுதான். அவர் மட்டில் எஸ்கேப், கே அழுத்தி அனுப்பினால், நாம் கண்ட்ரோல் கே அழுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். சாவியின் காலாவதித் தேதியை நீட்டித்தாலும் இப்படி மறுபடி அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் எதிராளியிடம் அது காலாவதியான சாவிதான்.

ஆடிட்டர்கள் பென்டிரைவ் மாதிரி வைத்திருக்கும் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழும் இந்த ஜிபிஜி ஒப்பமும் ஒன்றல்ல. டிஎஸ்சி 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற நிறுவனம் சான்றளித்துக் கொடுப்பது. ஜிஎஸ்டி தாக்கலுக்கு மட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.