பாயை இறக்காமல் கயாக்கை நிமிர்த்துவது: மேட்டூர் தண்ணீரில் மூன்று பருவம்

பாய் கட்டிய கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கவிழ்ந்தால், உள்ளே உட்கார்ந்தபடியே, பாயையும் இறக்காமல் அதை நிமிர்த்தி எழ வேண்டும். சேலத்துக்காரர்கள் இதைப் பழக மேட்டூர் நீர்த்தேக்கம்தான் வழி. நீச்சல்குளம் ஆகாது. கயாக் கவிழ்ந்தால் 1.3 மீட்டர் பாய்க்கொம்பு நேரே கீழ்நோக்கி நிற்கும். நாலடித் தண்ணீரில் அது தரையில் குத்தி, கொம்பைத் தளத்தோடு இணைக்கும் அடி ரப்பரைக் கிழித்துவிடும். மேட்டூரிலும் ஓரத்தில் இதே சிக்கல் உண்டு. நீர்மட்டம் முழு அளவான 120 அடியிலிருந்து நன்றாக இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும் காலத்தில் கரைப்பக்கம் முழுக்கச் சேறும் மரக்கட்டையும்தான். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, 3 மீட்டராவது ஆழம் இருக்கிறதா என்று பார்க்கவும். வலை எங்கே கிடக்கிறது என்பதைப் பரிசல்காரர்களிடம் கேட்டுக்கொள்வது அதைவிட முக்கியம். துணைக்கு இன்னொரு கயாக் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

கவிழ்ந்ததும் முதல் வேலை துடுப்பு வீச்சல்ல, தாமானை விடுவிப்பது. பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிறு, தளத்தில் உள்ள பல்லிடுக்கியில் (கயிற்றைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் பிடிப்பில்) மாட்டியிருக்கும். தளத்தைவிட்டு வெளிப்பக்கம் சுண்டினால்தான் பல் விடும். தலைகீழாகத் தொங்கும்போது வெளிப்பக்கம் என்றால் ஏரித்தரைப் பக்கம். பழகாத கை வானத்தைப் பார்த்து இழுக்கும், கயிறு இன்னும் இறுகும். கலங்கல் தண்ணீரில் கண்ணும் உதவாது. கயிற்று நுனியில் ஒரு மரமணியைக் கோத்து வைத்தால் விரல் தானாகத் தேடிப் பிடிக்கும்.

காற்று வரும் பக்கமாக எழுவதே மேல். பாய் நீரைவிட்டு வெளிவரும்போது காற்று அடியில் புகுந்து தூக்கிக் கொடுக்கும். தாமான் விடுபடாமல் இருந்தால் அதே காற்று மறுபக்கம் புரட்டிப் போடும். இரண்டாம் முறை கவிழ்பவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான்.

பாய் இல்லாத கயாக்கை நிமிர்த்த இடுப்பை வெடுக்கென்று திருப்பும் வழக்கமான பழக்கம் இங்கே செல்லாது. வேகம் இரட்டித்தால் பாயின்மேல் நீரின் தடை நான்கு மடங்காகும். துடுப்பின் ஒரு நுனியைப் பிடித்து நீட்டி, பின்தளத்தில் மல்லாந்து, மெதுவாக அகல வீசவும். கொம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் துடுப்பை முன்னும் பின்னும் அலைத்துக்கொண்டே இரண்டு மூச்சு நேரம் நில்லுங்கள். பாயில் தேங்கிய ஐந்து லிட்டர் என்பது ஐந்து கிலோ. அது வடியாமல் எழ முயன்றால் தோள்பட்டைதான் பதில் சொல்லும். 0.8 சதுர மீட்டர் பாய்க்கு இது கைகூடும். 1 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பாயை இறக்கிவிட்டு எழுவதே புத்திசாலித்தனம்.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, முதலில் போவது கொம்பை நிமிர்த்திப் பிடிக்கும் எலாஸ்டிக் கயிறுதான். நம்மூர் வெயிலில் ஒரு வருடத்தில் தொய்ந்துவிடுகிறது. அடி ரப்பரில் வெடிப்பு இரண்டாம் கோடையில் தெரிந்தது. பாய்த்துணி நன்றாகத்தான் இருக்கிறது, தையல் நூல்தான் நைந்தது. நகத்தால் கீறிப் பார்த்து, உதிர்ந்தால் மறுதையல் போட்டுவிட வேண்டும். கடலில் ஓட்டியிருந்தால் இடுக்கியின் பல்லிடுக்கை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசவும். உப்பு உறைந்தால் எந்தப் பக்கம் சுண்டினாலும் விடாது.