ஒரே காசு, இரண்டு குவேக்

ஸ்டீம் என்ற இணையக் கடையில் குவேக் என்ற சுடும் வீடியோ கேமை வாங்கினால் கைக்கு இரண்டு குவேக் வருகின்றன. ஐடி சாஃப்ட்வேர் (id Software) நிறுவனம் 1996 ஜூனில் வெளியிட்ட மூல ஆட்டத்தின் கோப்புகள் ஒன்று. 2021 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் தன் கெக்ஸ் என்ஜினில் (ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை நிரல்) ஏற்றித் தந்த ரீமாஸ்டர், அதாவது புதுப்பித்த பதிப்பு, இன்னொன்று. மூலத்தை முன்பே வாங்கியிருந்தவர்களுக்கு ரீமாஸ்டர் இலவசமாகவே வந்து சேர்ந்தது. எனவே எதை வாங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. எதைத் திறப்பது என்பதில்தான் வழக்கு. மூலக் கோப்புகளை இன்றைய கணினியில் ஓட்ட, ரசிகர்கள் எழுதிய என்ஜின் ஒன்றை இறக்கிக்கொள்வதுதான் வழக்கம். சில மாதங்கள் ரீமாஸ்டரில் ஆடிவிட்டு, அயர்ன்வெயில் என்ற ரசிகர் என்ஜினுக்கு மாறியவன் நான். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

ரீமாஸ்டருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். நிறுவினால் ஓடுகிறது. 4கே, அகலத்திரை, கேம்பேட், ஒரே டிவியில் நான்கு பேர் திரையைப் பங்கிட்டு ஆடும் வசதி எல்லாம் உண்டு. 1997-ல் வந்த இரண்டு கூடுதல் தொகுப்புகளும், மெஷின்கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. எல்லாவற்றையும்விட இசை திரும்பி வந்தது பெரிய விஷயம். இசைக்கலைஞர் ட்ரெண்ட் ரெஸ்னரும் அவருடைய நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவும் அமைத்த இசை அன்று சிடியில் பாட்டுத் தடங்களாகவே இருந்தது. பின்னாளில் இணையத்தில் விற்ற பதிப்பில் சிடி இல்லை, அதனால் இசையும் இல்லை. பாதி முனகலும் பாதி இரைச்சலுமான அந்தச் சத்தம் இல்லாமல் குவேக் ஆடுவது, மின்வெட்டில் பேய்ப்படம் பார்ப்பதைப் போன்றது.

தோற்றத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு மனம். ரீமாஸ்டரில் அரக்கர்களுக்குப் புதிய உருவங்கள், கூடுதல் நிழல்கள். அழகுதான். ஆனால் ஷாம்ப்ளர் என்ற அரக்கன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி மின்னலைத் திரட்டும்போது, தூணுக்குப் பின்னால் ஓடுகிற நமக்குக் கண்ணில் படுவது ஒரு வெளிறிய மொத்தை மட்டுமே. அதன் உடம்பில் இருப்பது ரோமமா, வெறும் தோலா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு இடம் வைத்ததே பழைய உருவத்தின் மங்கல்தான். அயர்ன்வெயிலில் அன்றைய 256 வண்ணங்களையும் முரட்டுப் புள்ளிகளையும் அப்படியே வரவழைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. நான் அதை அணைப்பதே இல்லை. இது ரசனை, இதற்காக யாரையும் மாறச் சொல்ல மாட்டேன்.

மாறச் சொல்வேன் என்றால் அது மேப்புகளுக்காக, அதாவது ரசிகர்கள் கட்டும் புதிய ஆட்டக் களங்களுக்காக. குவேக் என்ஜினின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் 1999 டிசம்பரில், யாரும் எடுத்து மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் வைத்தது. அதைக் கையில் எடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மூல என்ஜினில் அரக்கன், கதவு, பொத்தான், பறக்கும் குண்டு எல்லாம் சேர்த்து ஒரே நேரத்தில் 600 பொருள்களுக்கு மேல் இருக்க முடியாது. ரசிகர்கள் அந்த வரம்பை உடைத்தார்கள். உடைத்த இடத்தில் கோட்டைகளைக் கட்டினார்கள். 2015-ல் முதலில் வந்த ஆர்கேன் டைமென்ஷன்ஸ் தொகுப்பின் பெரிய மேப் ஒன்றில் நுழைந்தால், ஒரு மாலைப்பொழுது முழுதும் அதிலேயே போய்விடும். மூல ஆட்டத்தின் மேப் ஒன்றைப் பத்து நிமிடத்தில் முடித்துப் பழகியவனுக்கு அது வேறு உலகம். ஜன்னல் வழியே தெரிகிற தூரத்துக் கோபுரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து நாமே போய் நிற்கிறோம். அங்கிருந்து கீழே, நாம் புறப்பட்ட வாசல் தெரிகிறது.

ரீமாஸ்டரிலும் மெனுவில் சில தொகுப்புகளை இறக்கலாம். யாரோ பொறுக்கிக் கொடுத்த நல்ல சரக்குதான். ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்புகளான வெளி மோட்களைக் கோப்புறையில் போட்டு ஓட்டவும் வழி உண்டு. ஆனால் மேப் செய்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலையைச் சோதித்துப் பார்ப்பது குவேக்ஸ்பாஸம் வகை ரசிகர் என்ஜின்களில். அயர்ன்வெயில், குவேக்ஸ்பாஸத்தின் நிரலிலிருந்து பிரிந்த கிளை. பெரிய மேப்புகள் வேகமாக ஓட வேண்டும் என்பதே அதன் முதல் அக்கறை. என் பழைய மடிக்கணினி அதற்குச் சாட்சி.

பராமரிப்பும் இதோடு சேர்ந்ததுதான். ரீமாஸ்டரில் ஆட்ட விதிகளின் நிரல் பொதுவில் இருக்கிறது, என்ஜின் பூட்டிய அறை. நாளை விண்டோஸ் ஏதாவது ஒன்றை மாற்றினால் சாவி வைத்திருப்பவர் வந்தாக வேண்டும். ரசிகர் என்ஜினில் ஒருவர் களைத்துப்போனால் இன்னொருவர் கிளை பிரித்துத் தொடர்வார்; அயர்ன்வெயிலே அப்படிப் பிறந்ததுதான்.

இணையத்தில் ஒருவரையொருவர் சுட்டு ஆடுவதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ரீமாஸ்டரில் நாலைந்து ஆட்டம் ஆடித் தோற்றதோடு என் அனுபவம் முடிந்தது. பிளேஸ்டேஷனோ ஸ்விட்சோ வைத்திருப்பவர்களுக்கு இந்த அலசலே வேண்டாம், அங்கே ரீமாஸ்டர்தான்.

மாற நினைப்பவர்களுக்கு வேலை அதிகமில்லை. ஸ்டீமில் நிறுவிய குவேக்கை அயர்ன்வெயில் தானே தேடிப் பிடித்து, பழையதா 2021-ன் கோப்புகளா என்று கேட்கும். நான் 2021-ஐத் தேர்ந்தேன். ரெஸ்னரின் இசை கூடவே வந்துவிட்டது. ரீமாஸ்டரையும் அழிக்கவில்லை. கல்லூரி விடுமுறைக்கு அக்கா மகன் கேம்பேடோடு வந்தால், டிவியில் திரையைப் பாதியாக வெட்டி ஆட அதுதான் வேண்டும்.