இங்கிலாந்துல வீட்டு எக்ஸ்டென்ஷன்: பெர்மிட்டட் டெவலப்மெண்டா, ப்ரையர் அப்ரூவலா, ஃபுல் பிளானிங்கா?

பின்னாடி கிச்சனை இழுத்துக் கட்டணும்னு பில்டர்கிட்ட கேட்டா பாதிப் பேர் "பெர்மிஷனே வேணாம்"னு சொல்லிடுவாங்க, அது உண்மையா இருக்கலாம், ஆனா எந்த வீட்டுக்கு, எத்தனை மீட்டருக்குங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

பெர்மிட்டட் டெவலப்மெண்ட், அதாவது சட்டமே பொதுவா கொடுத்திருக்கிற அனுமதி, அதுதான் சுலபமான வழி. ஒரே தளமா பின்பக்கம் கட்டினா செமி (ஒரு பக்கம் ஒட்டின வீடு), டெரஸ் (வரிசையா ஒட்டின வீடு) வீட்டுக்கு 3 மீட்டர், டிடாச்ட் (தனி வீடு) வீட்டுக்கு 4 மீட்டர் வரைக்கும் பிளானிங் அப்ளிகேஷன் போடாமலே கட்டலாம். உயரம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள்ள வந்தா கூரையோட கீழ்விளிம்பு 3 மீட்டருக்கு மேல போகக்கூடாது. ஃபிளாட்டுக்கு இந்த உரிமை கிடையாது, சில புது எஸ்டேட்கள்ல கவுன்சில் கண்டிஷன் போட்டு இதை எடுத்திருப்பாங்க.

நிறைய பேர் மாட்டிக்கிறது ஒரு இடத்துல: அளக்கிறது இப்ப இருக்கிற சுவர்லேர்ந்து இல்ல, ஒரிஜினல் வீட்டோட சுவர்லேர்ந்து. ஒரிஜினல்னா 1948 ஜூலை 1 அன்னிக்கு நின்ன வீடு, அதுக்கப்புறம் கட்டின வீடுன்னா முதல்ல கட்டினப்ப இருந்த மாதிரி. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ஏற்கனவே 2 மீட்டர் இழுத்துக் கட்டியிருந்தா டெரஸ் வீட்டுல உங்களுக்கு மிச்சம் 1 மீட்டர்தான். வீட்டைச் சுத்தி இருக்கிற நிலத்துல பாதிக்கு மேல கட்டடம் வரக்கூடாதுங்கிற கணக்குல தோட்டத்து ஷெட்டும் சேரும்.

இந்த 3, 4 மீட்டர் பத்தலைன்னா ப்ரையர் அப்ரூவல், அதாவது கட்டுறதுக்கு முன்னாடியே கவுன்சில்கிட்ட கேட்டு வாங்குற ஒப்புதல், இதுல 6 மீட்டர், டிடாச்ட்னா 8 மீட்டர் வரைக்கும் போகலாம். கவுன்சில் பக்கத்து வீடுகளுக்கு லெட்டர் போடும், அவங்களுக்குக் குறைஞ்சது 21 நாள் டைம், யாரும் எதிர்ப்பு சொல்லலைன்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல, 42 நாள்ல பதில் வரலைன்னாலும் ஆரம்பிக்கலாம். ஆனா கட்டிட்டு அப்புறமா இதை வாங்க முடியாது, கன்சர்வேஷன் ஏரியாவுலயும் (பழமையைக் காப்பாத்த ஒதுக்கின பகுதி) செல்லாது.

மாடி சேர்த்து பெருசா கட்டணும், இந்த அளவெல்லாம் தாண்டணும்னா ஃபுல் பிளானிங்தான், அதாவது கவுன்சில்கிட்ட முழு அப்ளிகேஷன் போட்டு அனுமதி வாங்கணும். சாதாரணமா 8 வாரம், கிடைச்சா பொதுவா 3 வருஷத்துக்குள்ள வேலை ஆரம்பிக்கணும், மறுத்துட்டா அப்பீலுக்கு 12 வாரம்.

என்னைக் கேட்டா 3 மீட்டர்ல வேலை முடியும்னா முதல் வழியே போதும், ஆனா லாஃபுல் டெவலப்மெண்ட் சர்டிஃபிகேட் (கட்டுறது சட்டப்படிதான்னு கவுன்சில் கொடுக்கிற சான்று) வாங்காம விடாதீங்க, கட்டாயம் இல்லைதான், வீட்டை விக்கிறப்ப வாங்குறவரோட சொலிசிட்டர் (வக்கீல்) கேட்கிற பேப்பர் அது. 2024 ஏப்ரல் 25க்கு அப்புறம் முடிச்ச வேலைன்னா, விதிமீறலுக்கு கவுன்சில் நடவடிக்கை எடுக்கிற காலம் 4 வருஷத்துலேர்ந்து 10 வருஷமா ஆயிடுச்சு.

மூணுல எதை எடுத்தாலும் பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டடத்தோட பாதுகாப்பு, தரத்துக்கான விதிகள்) தனி. பொதுச்சுவர்ல கை வைக்கணும்னா 1996 பார்ட்டி வால் சட்டப்படி 2 மாசம் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும், பக்கத்து வீட்டுக்கிட்ட 3 மீட்டருக்குள்ள அவங்க அஸ்திவாரத்தை விட ஆழமா தோண்டினா 1 மாசம். 14 நாள்ல அவங்க எழுத்துல சம்மதிக்கலைன்னா தகராறுன்னுதான் கணக்கு, சர்வேயர் வைக்கணும், அந்தச் செலவும் பெரும்பாலும் உங்க தலையிலதான், அதனால நோட்டீஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பிளானை எடுத்துட்டுப் போய் நேர்ல உட்கார்ந்து பேசிடுங்க.