டொல்பின் வேனில் லித்தியம் பற்றரி: இரண்டு வருடம் ஓடிய பிறகு

எங்களுடையது பழைய டொல்பின் வேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் படுக்க ஒரு பலகைக் கட்டில், 40 லீற்றர் ப்ரிஜ், சின்ன ரைஸ் குக்கர், கூரையில் 200 வொட் சோலார் பெனல். ஹட்டனில் இருந்து புறப்பட்டால் அக்கரப்பத்தனை, பட்டிப்பொல, அப்புத்தளை என்று நாலைந்து நாள் சுற்றிவிட்டு வருவோம். தோட்டத்துக்குத் தோட்டம் சொந்தக்காரர்கள் இருப்பதால் வேனை நிறுத்துவதற்குக் கவலை இல்லை. கரண்டுக்குத்தான் கவலை.

கட்டிலுக்கடியில் 100 அம்பியர் மணி (எவ்வளவு கரண்ட் கொள்ளும் என்ற கணக்கு) ஈய எசிட் பற்றரி இரண்டு வைத்திருந்தேன். ஒன்று 29 கிலோ. பேருக்குத்தான் 200, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருந்தது 100 தான்.

அதையும் மலைநாட்டு வானம் விட்டுவைக்கவில்லை. இங்கே காலை ஏழு மணிக்கு வரும் வெயில் பத்து, பத்தரை வரை நிற்கும். அதற்குள் பள்ளத்தில் இருந்து மூடுபனி ஏறிவிடும். எசிட் பற்றரி 80 சதவீதம் வரை மளமளவென்று ஏற்றிக்கொள்ளும். மீதி 20-க்குத்தான் அடம். 14.4 வோல்ட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தால் சொட்டுச் சொட்டாக வாங்கும். அத்தனை மணி நேர வெயிலுக்கு நுவரெலியாவில் எங்கே போவது? அரைகுறையாகவே கிடந்தால் ஈயத் தட்டுகளில் சல்பேற்று கல்லாகப் படிந்துவிடும். அப்புறம் என்ன ஏற்றினாலும் திரும்பாது.

2022-இல் அதுதான் நடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கத் தண்ணீரில் நாட்டுக்கே கரண்ட் எடுக்கிறார்கள், நாங்கள் அதன் கரையில் மெழுகுவர்த்தியோடு இருந்தோம். டீசலும் இல்லை, வேன் முற்றத்திலேயே நின்றது. ஜன்னல் வழியாக வயர் இழுத்து வீட்டுக்கு இரண்டு பல்பும் போன் சார்ஜரும் கொடுத்தேன். நாலு மாதம் பற்றரிகள் முழுதாக நிறையவே இல்லை. அடுத்த வருடம் பயணம் போனபோது ரைஸ் குக்கரைப் போட்ட பத்தாவது நிமிடம் இன்வேட்டர் கீ கீ என்று கத்தும். அரிசி பாதி வெந்திருக்கும். மீதியை கேஸ் அடுப்பில் வைத்துக் கிண்டிக் கஞ்சியாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

2023 ஆகஸ்டில் இரண்டையும் கழற்றிவிட்டு 100 அம்பியர் மணி லித்தியம் ஒன்றே ஒன்று போட்டேன். எசிட் ஒன்றின் விலையைப் போல இரண்டரை மடங்கு கொடுத்தேன். எடை 12 கிலோ. வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். கடையில் எல்லாமே 'லித்தியம் அயன்' தான். நம் காதுக்கு அந்த 'அயன்' இரும்பா (iron), மின்னேற்றத் துகளா (ion) என்று தெரியாது. வேனுக்கு வேண்டியது லித்தியம் இரும்புப் பொஸ்பேட். 3.2 வோல்ட் செல் நாலு சேர்ந்து 12.8. போனிலும் லெப்டொப்பிலும் இருக்கிற வகையைவிடச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற சாமான் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தராசில் வைத்தும் பார்த்தேன். நூறு என்று எழுதிய பெட்டி ஆறு, ஏழு கிலோதான் என்றால் உள்ளே நூறு இல்லை.

முதல் பிழை என்னுடையது. பழைய ரிலேயையே விட்டுவிட்டேன். எஞ்சின் ஓடும்போது வேனை ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரியையும் கட்டிலுக்கடியில் இருப்பதையும் இணைத்து, நின்றதும் 12.8 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் பிரித்துவிடுகிற ரிலே அது. லித்தியம் சும்மா கிடந்தாலே 13.2-க்கு மேல் காட்டும், ஆகவே ரிலே பிரியவே இல்லை. அதைவிட மோசம், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் கொடுக்கிற ஓல்டனேட்டர். எசிட் போல லித்தியம் தயங்காது, கொடுப்பதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ரம்பொடை ஏற்றத்தில் லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் ஓல்டனேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சுமையோ முழுச் சுமை. பெல்ட் கிறீச்சிட்டது, கருகல் நாற்றம் வந்தது. எஞ்சின் சூடு ஆறும்வரை தேயிலை மலைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றோம். வயரிங் பாஸ் பார்த்துவிட்டு, "இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சேர்?" என்றார். இடையில் 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் வந்தது, லித்தியம் அந்த அளவுக்கு மேல் இழுக்க விடாது. ஹட்டனில் இருந்து நுவரெலியாவுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் 60 அம்பியர் மணி ஏறிவிடுகிறது. வானம் எப்படி இருந்தாலும்.

இரண்டாவது பிழை வோல்ட்மீட்டரை நம்பியது. எசிட்டில் 12.1 என்றால் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லித்தியம் நிறைந்திருந்தாலும் கால்வாசிக்கு வந்தாலும் 13-ஐ ஒட்டியே நிற்கும். பொகவந்தலாவையில் ஒரு மழை இரவு 13 வோல்ட்டைப் பார்த்துவிட்டுத் தைரியமாகப் படுத்தேன். இரண்டு மணிக்கு எல்லாம் இருட்டு. உள்ளே இருக்கிற பாதுகாப்புச் சுற்று பற்றரியையே மூடிவிட்டது. "எசிட்டாவது சாகப்போறப்ப முனகும். இது சொல்லாம கொள்ளாம போயிருச்சே" என்றாள் மனைவி. விடிந்து வெயில் வந்தும் ஏறவில்லை. பற்றரியிடம் வோல்ட் இல்லாததால் சோலார் கன்ட்ரோலரும் எழும்பவில்லை. ஸ்டார்ட் பற்றரியில் இருந்து ஜம்பர் வயரைச் சில விநாடி தொட்டு எழுப்பினேன். அன்றைக்குப் பிறகு ஷன்ட் (கரண்டை அளக்க வயரில் இடையே போடுகிற துண்டு) வைத்த மீட்டர்தான். போகிற, வருகிற அம்பியரை எண்ணி மிச்சத்தைச் சதவீதத்தில் காட்டும். அதற்கும் ஒரு குணம் உண்டு: பல நாள் அரைகுறையாகவே ஓடினால் கணக்குப் பிசகும். மாதம் ஒருதரம் 14.4 வரை முழுதாக ஏற்றினால் மீட்டரும் சரியாகும், செல்களும் சமமாகும்.

மற்றபடி இரண்டு வருடமாக அதை மறந்தே இருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பற்றரித் தண்ணி ஊற்றுவது இல்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கும்போது வந்த அழுகல் முட்டை வாடை இல்லை. பத்தரைக்கு மூடுபனி வந்தால் வரட்டும். 60 சதவீதத்தில் நாள் கணக்காகக் கிடந்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பக்கத்தில் லித்தியத்தின் லாபம் இதில்தான் இருக்கிறது, எடையில் அல்ல. குக்கர் 50 அம்பியருக்கு மேல் இழுத்தும் இன்வேட்டர் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் நிறைத்துவிட்டு, அணையும்வரை இறக்கிப் பார்த்தேன்: 96 அம்பியர் மணி வந்தது.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பூச்சியத்துக்குக் கீழே லித்தியத்தை ஏற்றக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். பெப்ரவரியில் நுவரெலியாவில் துகள் உறைபனி கொட்டிய காலையில் கண்ணாடியைச் சுரண்டித்தான் வெளியே பார்த்தோம். கட்டிலுக்கடியில் பற்றரி 9 பாகையில் இருந்தது. உள்ளே இரண்டு பேர் மூச்சுவிட்டுத் தூங்குகிற வேனில் இது பிரச்சினையே இல்லை. வெளியே பெட்டி கட்டி வைக்கிறவர்கள் யோசிக்கட்டும்.

வேனை நிறுத்திவைக்கும்போது பழைய பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். எசிட்டை நிறைத்து வைப்போம், இதைப் பாதியில் விட வேண்டும். சோலார் கன்ட்ரோலரில் ஈகுவலைஸ் என்ற, வழக்கத்தைவிடக் கூடிய வோல்ட்டில் ஏற்றுகிற எசிட் வைத்தியத்தையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். பழைய எசிட் இரண்டையும் கடைக்காரரே கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டார். லித்தியம் செத்தால் யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன், சிரித்தார்.

ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரி மட்டும் இன்னும் எசிட்தான். போன ஜனவரியில் அக்கரப்பத்தனையில் ஒரு விடியற்காலை அது கைவிட்டது. உள்ளே லித்தியம் 85 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, ஆனால் டீசல் எஞ்சினைச் சுழற்றுகிற அம்பியரைக் கேட்டால் பாதுகாப்புச் சுற்று மூடிக்கொள்ளும். ப்ரிஜும் லைட்டும் ஜம்மென்று ஓடுகிற வேனைக் கொழுந்து எடுக்கப் போன நாலு பேர் தள்ளிவிட, இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் ஸ்டார்ட் பண்ணினேன்.