சல்லகிப் பொடி என்ற பெயரில் அப்பாவுக்கு வந்து சேர்ந்தது ஸ்டீராய்டு

வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ விளம்பரம் பார்த்து, கூரியரில் மூட்டுவலிப் பொடி வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை முழுதாகப் படியுங்கள். அதற்கு முன் ஒன்று. பல வாரங்களாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்த வேகத்தில் பொடியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபோதுதான் அப்பா உயிருக்கே ஆபத்து வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த இடது முழங்காலில் நல்ல தேய்மானம். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார். அதனால் வலி மாத்திரையை அடிக்கடி போடக்கூடாது என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். இந்த நேரத்தில்தான் டீக்கடை நண்பர் ஒருவர் அந்த வீடியோவை அனுப்பினார். ‘சல்லகி, சுக்கு, அமுக்கரா சேர்ந்த பாரம்பரிய ஆயுர்வேதச் சூரணம், முட்டி மாற்று அறுவை சிகிச்சையே தேவையில்லை’ என்று ஒருவர் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பேசுகிறார். சல்லகி என்பது மூட்டுவலிக்குக் கொடுக்கும் ஒரு மரப்பிசின். ஒரு டப்பா 1,800 ரூபாய். பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுத்தால் போதும். அப்பா தானே போன் போட்டு வரவழைத்துவிட்டார்.

மூன்றாம் நாளே வலி போய்விட்டது. குறைந்தது என்று சொல்லவில்லை, போய்விட்டது. மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார். நன்றாகப் பசித்தது, முகத்தில் தெளிவு வந்தது. கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்தார். வருஷக்கணக்காக வலியோடு இருந்த மனிதர் வேறென்ன செய்வார்? இந்த வியாபாரம் நடப்பதே இப்படித்தான். மோசடிக்காரன் விளம்பரம் செய்வது முதல் டப்பாவுக்கு மட்டும்தான். அதன் பிறகு, வலி போனவர்களே அவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

சில வாரங்களில் அப்பாவின் முகம் உருண்டையாக உப்ப ஆரம்பித்தது. கழுத்துக்குப் பின்னால் சதை போட்டது, வயிறு முன்னே தள்ளியது, ஆனால் கை கால் மெலிந்தது. முன்கைத் தோல் வெங்காயச் சருகு போல ஆகி, கதவில் லேசாக இடித்தாலே கருநீலமாகக் கன்றிப்போனது. கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை 300-ஐத் தாண்டியது. சர்க்கரை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், பயனில்லை.

டப்பாவில் இருந்த நம்பருக்கு நான் மெசேஜ் அனுப்பி முகவீக்கம் பற்றிக் கேட்டேன். உடனே பதில் வந்தது: ‘பயப்படாதீங்க சகோ, உடம்புல இருக்கிற கழிவு வெளியேறும்போது அப்படித்தான் வீங்கும். ஐயாவை ரெண்டு வேளைக்குப் பதிலா மூணு வேளை எடுக்கச் சொல்லுங்க.’ இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்க விளைவைச் சொன்னாலும் ‘கழிவு வெளியேறுது’ என்று சொல்கிறவரிடம் எந்த மருந்தும் வாங்காதீர்கள். நேர்மையான வைத்தியர் முகம் வீங்குகிறது என்று கேட்டதும் மருந்தை மறுபரிசீலனை செய்வார், அளவைக் கூட்டச் சொல்ல மாட்டார்.

அப்புறம் ஒரு தடவை கூரியர் வர தாமதமாகி, பொடி தீர்ந்துபோனது. ஓரிரு நாளில் அப்பாவுக்குக் கடுமையான அசதி, வாந்தி. கட்டிலிலிருந்து எழுந்தவர் தலைசுற்றி அப்படியே சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் 80-க்கு வந்துவிட்டது. பிரஷருக்கு மாத்திரை போடும் ஆளுக்கு!

பணியில் இருந்த மருத்துவர் அப்பாவின் முகத்தையும் கையில் இருந்த கன்றிய தடங்களையும் பார்த்துவிட்டு, “ஐயா, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல சார்” என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அந்தப் பொடி மருந்தே இல்லை, வெறும் மூலிகை. மருத்துவர் விடாமல், “நாட்டு மருந்து, பொடி, லேகியம், எண்ணெய், எதுவா இருந்தாலும் சொல்லுங்க” என்றபோதுதான் டப்பா பற்றிய பேச்சே வந்தது. பெரியவர்களை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது நீங்களே முந்திக்கொண்டு இதைச் சொல்லிவிடுங்கள்.

காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசோல் பார்த்தார்கள். அந்த நேரத்தில் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது, அப்பாவுக்கு ஒன்றுக்கும் கீழே. ஹார்மோன் சிறப்பு மருத்துவர் விளக்கியது இது: சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் கார்டிசோல் சுரக்கிறது. நோயையும் அடியையும் உடம்பு தாங்குவது அதனால்தான். கார்டிசோல் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். திடீரென்று வெளி வரத்து நின்றால், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அழுத்தம் விழுந்து உயிர் போகும் அளவுக்கு நிலைமை போகலாம். அதனால்தான் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். பொடிக்குள் ஸ்டீராய்டு இருப்பதே தெரியாத மனிதர் எதைப் படிப்படியாகக் குறைப்பார்?

மிச்சமிருந்த பொடியை ஓர் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டிப் பரிசோதித்தோம். டெக்ஸாமெத்தசோன், டைக்ளோஃபெனாக் இரண்டும் இருந்தன. முதலாவது வலிமையான ஸ்டீராய்டு. இரண்டாவது வலி மாத்திரை, எதைப் போடாதே என்று டாக்டர் அப்பாவைத் தடுத்திருந்தாரோ அதே வகை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு அப்பாவுக்கு ஏறியிருந்ததற்கும் அன்றுதான் காரணம் புரிந்தது. சல்லகியின் சத்தான போஸ்வெலிக் அமிலம் அந்தப் பொடியில் பேருக்குக்கூட இல்லை.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. ‘ஆர்ட்ரி கிங்’ என்று மூட்டுக்கு நல்லது என விற்ற ஒரு பொருளில் லேபிளில் சொல்லாத இதே இரண்டு மருந்துகளும் இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் எச்சரித்தது. கல்லீரல் பாதிப்பு, மரணம் வரை புகார்கள் வந்திருந்தன.

சல்லகி மேல் எனக்குக் கோபமில்லை. அந்த மரத்தின் பெயரைக் கெடுத்தவர்கள் மேல்தான் கோபம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட மலைக்காடுகளில் வளரும் மரம் அது. பட்டையைக் கீறினால் வடியும் பிசின்தான் மருந்து. சாம்பிராணி இனம், நெருப்பில் போட்டால் அந்த மணம் வரும். வீக்கத்தைத் தூண்டும் 5-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியைப் போஸ்வெலிக் அமிலங்கள் தடுக்கின்றன. நாக்பூரில் முழங்கால் தேய்மானம் உள்ள 30 பேருக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் வலியும் வீக்கமும் குறைந்தன, நடக்கும் தூரம் கூடியது. ஆனால் எக்ஸ்ரேயில் மாற்றமில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வின்படி, செறிவூட்டிய சல்லகிச் சாறு 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 90 நாள் கழித்து, போலி மருந்து எடுத்தவர்களைவிட 100 புள்ளி வலி அளவுகோலில் 17 புள்ளி குறைவாக இருந்தது.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. உண்மையான சல்லகி மெதுவாக, ஓரளவுக்குத்தான் வேலை செய்கிறது. சில ஆய்வுகளில் ஒரு வாரத்திலேயே மாற்றம் தெரிந்திருக்கிறது, ஆனால் அதுவும் குறைவுதான், மறைவு இல்லை. மூன்று நாளில் முழு வலியும் காணாமல் போய், கூடவே பசியும் உற்சாகமும் பொங்குகிறது என்றால் அது ஸ்டீராய்டின் கைவரிசை என்றே சந்தேகப்படுங்கள். அசல் சல்லகிக்கும் பக்க விளைவு உண்டு: நெஞ்செரிச்சல், குமட்டல், வயிற்றுப்போக்கு, சிலருக்குத் தோலில் தடிப்பு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அப்பாவின் டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சை இலை படம், ‘100% மூலிகை, பக்க விளைவு அற்றது’ என்ற பெரிய எழுத்து. ‘பேட்ச் எண்’ என்று அச்சடித்து எதிரே வெறும் கோடு. உற்பத்தி உரிம எண் இல்லை. முகவரி என்ற இடத்தில் ஒரு செல்போன் எண்ணும் ‘தமிழ்நாடு’ என்ற சொல்லும்தான். சட்டப்படி ஆயுர்வேத, சித்த மருந்து எதுவானாலும் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் மட்டும் அசல் என்று அர்த்தமில்லை, ஆனால் இல்லாததைத் தொடவே வேண்டாம். வாதநோய், நீரிழிவு போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆய்வக அறிக்கையை அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் ‘அது எங்க டப்பா இல்ல’ என்றார்கள். கூரியர் ரசீதைக் காட்டியதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். வேறு நம்பரிலிருந்து அழைத்தால் அதே குரல், புதுப் பெயரில் அதே பொடியை எனக்கே விற்கப் பார்க்கிறது.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, நுகர்வோர் புகாருக்கு 1915. டப்பா, மிச்சப் பொடி, கூரியர் உறை, பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் பொடியைக் குப்பையில் கொட்டினால் சாட்சியே போய்விடும். பொடி சாப்பிடுகிறவரை அந்த டப்பாவோடு நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போய், ‘இதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகம், கார்டிசோல் பாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்பா இப்போது ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையில் இருக்கிறார். சிறுகச் சிறுகக் குறைக்கிறார்கள். முழங்கால் வலி திரும்பிவிட்டது, தொடைத் தசைக்கான பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தபடி நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறார். எலும்பு அடர்த்திப் பரிசோதனை அடுத்த மாதம். அவர் கையால் நம்பர் வாங்கிய நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு பேர் இன்னும் எடுக்கவில்லை.